சிவப்பு டீசல்: ஒரு சாயம் வரி வசூலித்த கதை

அமெரிக்காவில் விவசாயம் நடக்கும் ஊர்ப்பக்கம் போனால், சில பெட்ரோல் பங்குகளில் ஓரமாக ஒரு டீசல் பம்பு தனியாக நிற்கும். அதன் மேல் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கும். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "சாயமிட்ட டீசல். வரியில்லாப் பயன்பாட்டுக்கு மட்டும். வரிக்குரிய பயன்பாட்டுக்கு அபராதம்." இந்த வாசகம் அங்கே இருக்கணும் என்பது அந்நாட்டுச் சட்டம். அந்தப் பம்பிலிருந்து வரும் டீசல் ரோஸ்மில்க்கை விடக் கொஞ்சம் அடர்த்தியான சிவப்பில் இருக்கும்.

பக்கத்துப் பம்பில் வருவதும் இதே டீசல்தான். எரிசக்தி ஒன்று, சுத்திகரிப்பு ஆலை ஒன்று, பல நேரம் வந்த குழாயும் ஒன்று. ஒன்றுக்கு சாலை வரி கட்டியாச்சு, இன்னொன்றுக்குக் கட்டலை. வித்தியாசம் அவ்வளவுதான். அதைக் காட்டுவதற்குத்தான் சாயம்.

இதைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். வேதியியலும், சட்டமும், மாஃபியாவும், பொருளாதாரமும் கலந்த ஒரு சுவாரசியமான வரலாறு இது. கடைசியில் நம்ம ஊர் ரேஷன் கடை மண்ணெண்ணெய் வரைக்கும் வந்து நிற்கிறது.

ஒரே எண்ணெய், இரண்டு விலை

பிரச்சினையின் வேர் எளிமையானது. பல நாடுகளில் டீசல் மீதான வரி என்பது சாலையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம். லாரி ஓடினால் சாலை தேயும், அதனால் லாரிக்காரர் வரி கட்டணும். ஆனால் வயலில் உழும் டிராக்டர் சாலையைத் தேய்ப்பதில்லை. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் சாலைப் பக்கமே போவதில்லை. அதனால் இவற்றுக்கு வரி கிடையாது, அல்லது மிகக் குறைவு.

நியாயம்தான். ஆனால் அமெரிக்காவின் வடகிழக்கில் வீடுகளைச் சூடாக்கப் பயன்படும் எண்ணெயும், லாரியில் ஊற்றும் டீசலும் கிட்டத்தட்ட ஒரே பொருள். லாரி இன்ஜினுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரே பொருளுக்கு இரண்டு விலை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல பொருளாதாரம் படித்திருக்கத் தேவையில்லை. மலிவான பக்கத்திலிருந்து விலை அதிகமான பக்கத்துக்குப் பொருள் தானாக ஒழுகும்.

என் தொழில் பாஷையில் சொல்றதானா, "வரி கட்டியாச்சு" என்ற தகவல் எண்ணெயில் இல்லை, பில்லில் இருக்கிறது. டேட்டா ஓரிடம், அதைப் பற்றிய குறிப்பு வேறிடம். இரண்டும் தனித்தனியாக இருக்கும்வரை, குறிப்பை மட்டும் மாற்றி எழுதுவது ரொம்ப சுலபம்.

முதல் முயற்சி: 1948, பிரிட்டன்

எரிபொருளுக்குள்ளேயே தகவலை வைத்துவிடலாம் என்ற யோசனை டீசலுக்கு முன்பே பெட்ரோலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்தும் பிரிட்டனில் பெட்ரோல் ரேஷன் தொடர்ந்தது. டாலர் தட்டுப்பாடு. 1947 இலையுதிர் காலத்தில் சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கான அடிப்படை ஒதுக்கீட்டையே அரசு நிறுத்திவிட்டது. ஆனால் லாரி, வேன், டாக்ஸி போன்ற தொழில் வாகனங்களுக்குப் பெட்ரோல் கிடைத்தது. அப்புறம் என்ன, அந்தப் பெட்ரோல் கள்ளச் சந்தை வழியாகச் சொந்தக் கார்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதை ஆராய ரஸ்ஸல் விக் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு சொன்ன வழி: தொழில் வாகனப் பெட்ரோலுக்குச் சிவப்புச் சாயம் போடுங்கள். 1948இல் இதற்கென ஒரு சட்டமே வந்தது. ஜூன் 1 முதல் அமல். சொந்தக் காரின் டேங்கில் சிவப்புப் பெட்ரோல் இருந்தால் ஓட்டுநர் உரிமம் ஒரு வருடத்துக்குப் பறிபோகும். விற்ற பங்குக்காரரும் தப்ப முடியாது.

மக்கள் சும்மா இருப்பார்களா? ரொட்டியில் வடிகட்டினார்கள், போர்க்கால வாயு முகமூடியில் இருந்த கரித்தூளில் வடிகட்டினார்கள் என்றெல்லாம் கதைகள் உண்டு. ஆனால் அரசு இரண்டு அடுக்காக யோசித்திருந்தது. கண்ணுக்குத் தெரியும் சாயத்தோடு, கண்ணுக்குத் தெரியாத டைஃபினைல்அமைன் என்ற வேதிப்பொருளையும் கலந்திருந்தார்கள். நிறம் போனாலும் சோதனையில் அது காட்டிக்கொடுக்கும். 1950 மே மாதம் ரேஷன் முடிந்தபோது இந்த ஏற்பாடும் முடிந்தது. ஆனால் "கண்ணுக்குத் தெரிவது ஒன்று, தெரியாதது ஒன்று" என்ற இந்த இரட்டை உத்தி பின்னால் வந்த சில திட்டங்களிலும் இருக்கிறது. அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

டெய்சி செயின்: காணாமல் போகும் கம்பெனிகள்

இப்போ 1980களின் நியூயார்க்குக்கு வருவோம்.

அங்கே எரிபொருள் வரி ஏய்ப்பு சில்லறை வேலை இல்லை, பெரிய தொழில். அதற்கு 'டெய்சி செயின்' என்று பெயர். சாமந்தி மாதிரியான ஒரு பூவைக் கோத்த சரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். முறை இதுதான். ஐந்தாறு கம்பெனிகளைக் காகிதத்தில் ஆரம்பிக்க வேண்டியது. எரிபொருள் ஒரு கம்பெனியிலிருந்து அடுத்ததுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று பில்லில் மட்டும் கைமாறிக்கொண்டே போகும். உண்மையில் எண்ணெய் இருந்த இடத்தில்தான் இருக்கும். சரத்தின் நடுவில் ஒரு கம்பெனி "வரி கட்டியாச்சு" என்று பில் போடும். ஆனால் கட்டியிருக்காது. வரித் துறை தேடி வரும்போது அந்த முகவரியில் ஒரு தபால் பெட்டியோ, வெற்று அறையோ மட்டும் இருக்கும். கம்பெனியின் பங்குகள் பனாமாவில், யார் கையில் பத்திரம் இருக்கோ அவரே முதலாளி என்ற வகையில். யாரைப் பிடிப்பது?

லாங் ஐலண்டில் எரிபொருள் வியாபாரம் செய்த லாரன்ஸ் ஐயோரிசோ இந்த முறையை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர். அவரோடு சேர்ந்தவர் கொலம்போ மாஃபியாக் குடும்பத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபிரான்சீஸ். சோவியத் யூனியனிலிருந்து வந்து புரூக்ளினில் குடியேறிய சில குழுக்களும் கூட்டணியில் இருந்தன. கடைசியில் ஐயோரிசோ அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினார். ஃபிரான்சீஸ் 1986இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். கூடவே ஒன்றரைக் கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவான தொகையைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள்.

அமெரிக்க அரசு என்ன செய்தது என்றால், வரி வசூலிக்கும் இடத்தை மேலே தள்ளியது. ஆயிரக்கணக்கான பங்குகளிடமும் வியாபாரிகளிடமும் வசூலிப்பதற்குப் பதிலாக, எண்ணெய்க் கிடங்கிலிருந்து டேங்கர் லாரியில் ஏற்றும் இடத்திலேயே பெட்ரோல் வரியை வாங்கிவிடுவது. இது 1988இல் நடந்தது. பெட்ரோலில் சரம் அறுந்தது.

டீசலில் அப்படிச் சுலபமாகச் செய்ய முடியவில்லை. காரணம் நான் மேலே சொன்னதுதான். அதே கிடங்கிலிருந்து அதே எண்ணெய் வீட்டுக் கொதிகலனுக்கும் போகிறது. அதற்கு வரியில்லை. அதனால் டீசல் வரியை அப்போது மொத்த வியாபாரி மட்டம் வரைக்கும்தான் ஏற்ற முடிந்தது. ஏமாற்றுபவர்கள் பெட்ரோலை விட்டுவிட்டு டீசலுக்கு மாறினார்கள். "வீட்டுச் சூடேற்ற எண்ணெய்" என்று வரியில்லாமல் வாங்கி, நடுவில் ஒரு காகிதக் கம்பெனி மூலம் "வரி கட்டிய லாரி டீசல்" ஆக்கி விற்றார்கள்.

11 மில்லிகிராம்

1993 ஆகஸ்டில் கிளின்டன் கையெழுத்திட்ட பட்ஜெட் சட்டம் இரண்டு வேலை செய்தது. டீசல் மீதான கூட்டாட்சி வரியை கேலனுக்கு 20.1 சென்ட்டிலிருந்து 24.4 சென்ட் ஆக்கியது. (இன்றைக்கும் அதே 24.4 சென்ட்தான், முப்பது வருஷமாகிறது.) இரண்டாவது, டீசல் வரியையும் கிடங்கு வாசலிலேயே வசூலிக்கச் சொன்னது. வரியில்லாமல் வெளியே போகணுமா? அப்போ சாயம் கலந்துதான் போகணும். 1994 ஜனவரி 1 முதல் அமல்.

நிறத்தில் ஆரம்பத்தில் ஒரு குழப்பம். சுற்றுச்சூழல் துறை 1993 அக்டோபரிலிருந்தே கந்தகம் அதிகமுள்ள டீசலுக்கு நீலச் சாயம் போடச் சொல்லியிருந்தது. சாலை வாகனங்களுக்குக் கந்தகம் குறைந்த டீசல் கட்டாயமான சமயம் அது. ஆனால் சிறிய விமானங்களுக்கு ஊற்றும் பெட்ரோலும் நீல நிறம். விமானத்தில் யாராவது தெரியாமல் டீசலை ஊற்றிவிட்டால்? அதனால் 1994லேயே நீலத்தைக் கைவிட்டு எல்லாவற்றுக்கும் சிவப்பு என்று முடிவானது.

சாயத்தின் பெயர் சால்வென்ட் ரெட் 164. அளவையும் சட்டமே சொல்கிறது: 1,000 பீப்பாய்க்கு 3.9 பவுண்டு (சால்வென்ட் ரெட் 26 என்ற தரச் சாயத்துக்கு ஈடான வலிமையில்). நம்ம கணக்கில் மாற்றிப் பார்த்தேன். லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம். ஒரு பிக்கப் வண்டியின் டேங்க் முழுக்கச் சிவப்பு டீசல் இருந்தாலும் அதில் இருக்கும் சாயம் ஒன்றேகால் கிராம்தான். ஆனால் நல்ல டீசலோடு கலந்தாலும் அந்தச் சிவப்பு அவ்வளவு சீக்கிரம் மறையாது. டேங்கில் கண்ணாடிக் குழாயை விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் இளஞ்சிவப்பாவது தெரியும்.

இதன் பலன்? 1994இல் டீசல் வரி வசூல் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 120 கோடி டாலர் கூடியது. அன்றைய பொருளாதார வளர்ச்சிக்கும் இதில் பங்கு உண்டு. ஏய்ப்பு குறைந்ததால் மட்டும் வந்தது 60 முதல் 70 கோடி டாலர் என்று கருவூலத் துறை கணித்தது. பிறகு ஜஸ்டின் மேரியன், எரிக் முலெக்கர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2008இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சாயம் வந்த பிறகு சாலை டீசல் விற்பனை 26 சதவீதம் உயர்ந்திருக்கிறது, சூடேற்ற எண்ணெய் விற்பனை அதே அளவுக்குச் சரிந்திருக்கிறது. வரி அதிகமாக இருந்த மாநிலங்களில் இந்த மாற்றமும் அதிகம். அதாவது அதுவரைக்கும் "வீட்டைச் சூடாக்குகிறோம்" என்று சொல்லி வாங்கிய எண்ணெயில் பெரும் பங்கு நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது!

மாட்டினால் என்ன ஆகும்?

இப்போ சட்டத்துக்கு வருவோம். அமெரிக்க வரிச் சட்டத்தின் 6715ஆம் பிரிவு இதற்கானது. சாயமிட்ட டீசலை வரிக்குரிய வேலைக்கு விற்றாலோ, வைத்திருந்தாலோ, பயன்படுத்தினாலோ அபராதம். சாயத்தின் வலிமையைக் குறைக்க முயன்றாலும் அதே அபராதம். "தெரிந்தே செய்தார்" என்பது மட்டுமில்லை, "தெரிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தார்" என்றாலும் போதும். டேங்கில் சிவப்பாக எண்ணெய் இருக்கும்போது "எனக்குத் தெரியாது சார்" எடுபடாது.

அபராதம் 1,000 டாலர், அல்லது கேலனுக்கு 10 டாலர், இரண்டில் எது அதிகமோ அது. இரண்டாம் முறை மாட்டினால் அந்த 1,000 என்பது 2,000 ஆகும், மூன்றாம் முறை 3,000. இப்படியே ஏறும். கம்பெனி வண்டி என்றால் கம்பெனி மட்டுமில்லை, தெரிந்தே உடந்தையாக இருந்த அதிகாரி, ஊழியர் எல்லோரும் பொறுப்பு.

ஒரு சின்னக் கணக்கு. 30 கேலன் டேங்க் உள்ள ஒரு பிக்கப். கூட்டாட்சி வரி மட்டும் பார்த்தால் ஒரு தடவை நிரப்பினால் மிச்சமாவது 7 டாலர் 32 சென்ட். மாட்டினால் 1,000 டாலர். 137 தடவை நிரப்புவதற்குள் ஒரே ஒருமுறை மாட்டினாலும் நஷ்டம். 300 கேலன் பிடிக்கும் பெரிய லாரிக்கு மிச்சம் 73 டாலர் 20 சென்ட், அபராதம் 3,000. அங்கே 41 தடவைக்கு ஒருமுறை. மாநில வரியையும் ஏய்க்கிறார் என்பதால் மிச்சம் இன்னும் கூடும். ஆனால் மாநிலங்களும் தனியாக அபராதம் போடும். மொத்தத்தில் இது புத்திசாலித்தனமான திருட்டு இல்லை.

சோதனை போடும் அதிகாரமும் பெரியது. வரித் துறை ஆட்கள் வண்டியை நிறுத்தி, டேங்கிலிருந்து மாதிரி எடுக்கலாம். "பார்க்க விடமாட்டேன்" என்றால் அதற்குத் தனியாக 1,000 டாலர். இது 2004இல் சேர்த்தது. அதே ஆண்டு இன்னொன்றும் சேர்த்தார்கள். கிடங்கில் சாயம் கலக்கும் இயந்திரத்தில் கைவைத்தால் 25,000 டாலர் அல்லது கேலனுக்கு 10 டாலர், எது அதிகமோ அது. சரத்தை அறுத்த பிறகு ஏமாற்றுபவர்கள் எங்கே போவார்கள் என்று யோசித்திருக்கிறார்கள்.

நடைமுறையில் மாட்டுபவர்களில் மாஃபியாவைவிடச் சாதாரண ஆட்களின் கதைதான் யோசிக்க வைக்கும். ஒரு விவசாயிக்குப் பண்ணையில் சிவப்பு டீசல் டேங்க் இருக்கும். டிராக்டருக்கு ஊற்றலாம், அறுவடை இயந்திரத்துக்கு ஊற்றலாம். அதே விவசாயி, அதே பண்ணையில் விளைந்ததை, சாலையில் ஓடப் பதிவு செய்த தன் பிக்கப்பில் சந்தைக்குக் கொண்டுபோகும்போது ஊற்றக் கூடாது. சட்டம் ஆளைப் பார்ப்பதில்லை, வண்டியையும் வேலையையும் பார்க்கிறது. (பள்ளிப் பேருந்துக்கும், உள்ளாட்சி வண்டிகளுக்கும் விலக்கு உண்டு.) மாறாக, வரி கட்டிய டீசலை டிராக்டருக்கு ஊற்றினால் தவறில்லை, அந்த வரியைப் பிறகு திரும்பக் கேட்டு வாங்கலாம். ஆக, சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய்வது என்பது தெளிவு.

சில சமயம் அரசே இறங்கி வந்திருக்கிறது. 2005இல் கத்ரீனா புயல் அடித்து எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, சாலையில் சிவப்பு டீசல் ஓட்டினாலும் அபராதம் இல்லை என்று அறிவித்தார்கள். ஆனாலும் கேலனுக்கு 24.4 சென்ட் வரியைக் கட்டிடணும் என்றார்கள்! புயலடித்தாலும் வரி வரிதான்.

சாயத்தைத் துவைத்தவர்கள்

அமெரிக்காவில் வென்ற இந்த யோசனை அயர்லாந்தில் திணறியது. வட அயர்லாந்தில் (பிரிட்டன் ஆட்சி) விவசாய டீசல் சிவப்பு. எல்லைக்குத் தெற்கே அயர்லாந்துக் குடியரசில் அது பச்சை. எல்லையோரம் இருக்கும் சவுத் அர்மா, லௌத் பகுதிகளில் இந்த இரண்டு நிறத்தையும் நீக்குவதே தொழிலாக வளர்ந்தது. இதற்கு அங்கே 'டீசல் லாண்டரிங்' என்று பெயர். துணி வெளுப்பது மாதிரி டீசலை வெளுப்பது.

மாட்டுக் கொட்டகைகளில் ரகசிய ஆலைகள். கந்தக அமிலம், வெளுக்கும் மண், பூனைக் கழிவுக்குப் போடும் களிமண் என்று கிடைத்ததை வைத்துச் சாயத்தை உறிஞ்சி எடுத்தார்கள். பிரிட்டன் சாயத்தோடு சால்வென்ட் எல்லோ 124 என்ற ரகசியக் குறிப்பானையும் சேர்த்திருந்தது. அமிலத்தோடு குலுக்கினால் சிவப்பாக மாறிக் காட்டிக்கொடுக்கும் பொருள் அது. 2002இலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் இதுதான் பொதுக் குறிப்பான். ஆனால் அமிலத்துக்கு வினை புரியும் பொருளை அமிலத்தை வைத்தே நீக்கவும் முடியும். பூட்டும் சாவியும் ஒரே கடையில் கிடைத்த கதை.

இதில் நஷ்டம் அரசுக்கு மட்டுமில்லை. வெளுத்த டீசல் சாதாரணப் பங்குகளில் விற்கப்பட்டது. நல்ல டீசல் என்று நம்பி ஊற்றியவரின் வண்டியில், மிச்சமிருந்த அமிலம் எரிபொருள் பம்பை அரித்தது. வெளுத்த பிறகு மிஞ்சும் நச்சுக் கசடை ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகளில் அடைத்து ராத்திரியோடு ராத்திரியாகச் சாலையோரம் வீசிவிட்டுப் போனார்கள். அதை அப்புறப்படுத்தும் செலவு உள்ளாட்சிகளின் தலையில். அப்புறம் நேர்மையாக வரி கட்டி விற்ற பங்குக்காரர். பக்கத்துப் பங்கின் விலைக்கு அவரால் எப்படி விற்க முடியும்?

2015இல் இரண்டு நாடுகளும் சேர்ந்து புதிய குறிப்பானுக்கு மாறின. அமிலத்துக்கும் களிமண்ணுக்கும் எளிதில் அசையாத, டீசலைப் போலவே நடந்துகொள்ளும் மூலக்கூறு. அதன் பிறகு வெளுக்கும் ஆலைகள் பிடிபடுவது வெகுவாகக் குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் பிறகு பழைய குறிப்பானைக் கைவிட்டு இதே வகைக்கு மாற முடிவு செய்தது.

நம்ம ஊர் நீலம்

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது ரேஷன் கடை சீமெண்ணெய். 1990களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கடையில் அளந்து ஊற்றுவது நீல நிறம். வெளியில் விற்பது வெள்ளை. 1993இல் தனியார் மண்ணெண்ணெய் இறக்குமதி செய்து விற்கலாம் என்று அரசு அனுமதித்தபோது, மானிய எண்ணெயைத் தனியாக அடையாளம் காட்ட நீலச் சாயம் வந்தது. அமெரிக்கா டீசலுக்குச் சாயம் போட முடிவெடுத்த அதே வருடம் என்பது தற்செயல்.

ஆனால் இங்கே பிரச்சினையின் திசை வேறு. அமெரிக்காவில் வரியில்லாத டீசலை அப்படியே லாரிக்கு ஊற்றினார்கள். இந்தியாவில் மானிய மண்ணெண்ணெயை டீசலில் கலந்தார்கள். விற்பவர் திருடர், வாங்கி ஊற்றும் லாரிக்காரர் ஏமாளி. கொஞ்சமாகக் கலந்தால் டீசலின் மஞ்சளில் நீலம் கரைந்துபோகும். டிரைவர் டேங்கைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அத்தியாவசியப் பொருள்கள் சட்டப்படி ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம்தான். ஆனால் அதற்கு யாராவது போய் மாதிரி எடுக்கணுமே.

அப்படிப் போனவர் மஞ்சுநாத் சண்முகம். கோலார் தங்கவயலைச் சேர்ந்தவர். லக்னோ ஐஐஎம்மில் படித்துவிட்டு இந்தியன் ஆயிலில் சேர்ந்து, உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரியில் விற்பனை அதிகாரியாக இருந்தார். கலப்படம் செய்த ஒரு பங்குக்கு சீல் வைத்தார். அது மறுபடி திறந்த பிறகு திடீர்ச் சோதனைக்குப் போனார். 2005 நவம்பர் 19 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உடல் அவருடைய காரிலேயே கிடந்தது. வயது 27. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 2015இல் குற்றவாளிகளின் ஆயுள் தண்டனை உறுதியானது.

அவர் இறந்த அடுத்த ஆண்டு, 2006இல், மண்ணெண்ணெயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பானைக் கலக்கும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. அதையும் நீக்க முடிகிறது என்று புகார்கள் எழுந்தன. சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது. 2011 ஜனவரி 25 அன்று மகாராஷ்டிராவில் மன்மாட் அருகே, டேங்கர்களிலிருந்து எண்ணெய் திருடப்படுவதை நேரில் பார்த்துக் கைப்பேசியில் படமெடுத்த மாலேகாவ் கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவனேயை உயிரோடு எரித்தார்கள். மறுநாள் குடியரசு தினம்.

அமெரிக்கச் சோதனை அதிகாரியும் மஞ்சுநாத்தும் செய்தது ஒரே வேலை. மாதிரி எடுப்பது, பார்ப்பது, எழுதுவது. அங்கே அதற்குக் கண்ணாடிக் குழாய் போதும், ஏனென்றால் அவருக்குப் பின்னால் ஒரு முழு அமைப்பு நிற்கிறது. இங்கே அந்த 27 வயதுப் பையன் தனியாகப் போனார். சாயத்தை மட்டும் இறக்குமதி செய்து, அதைப் பார்க்கப் போகும் ஆளைப் பாதுகாக்கும் ஏற்பாட்டைச் செய்யாமல் விட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது

அமெரிக்காவில் சிவப்பு டீசலிலும் இப்போ கந்தகம் ரொம்பக் குறைவு. 1990களில் "சிவப்பு ஊற்றினா இன்ஜின் கெட்டுப்போகும்" என்று சொன்னதற்குக் கொஞ்சம் அர்த்தம் இருந்தது, இன்று அதுவும் இல்லை. வரி ஒன்றே வித்தியாசம்.

பிரிட்டன் 2022 ஏப்ரல் 1 முதல் சிவப்பு டீசல் சலுகையைச் சுருக்கிவிட்டது. கட்டுமானம், சுரங்கம் போன்ற பல துறைகள் இனி முழு வரி கட்டிய வெள்ளை டீசல்தான் ஊற்றணும். விவசாயம், மீன்பிடிப்பு, ரயில் போன்ற சிலவற்றுக்கு மட்டும் சலுகை நீடிக்கிறது. அந்த மாற்றத்துக்கு முன் லிட்டருக்கு சாலை டீசல் வரி 57.95 பென்ஸ், சிவப்புக்கு 11.14 பென்ஸ். இடைவெளி 46 பென்ஸுக்கு மேல். அமெரிக்கக் கூட்டாட்சி வரியை லிட்டர் கணக்கில் பார்த்தால் ஆறரை சென்ட்தான். அயர்லாந்தில் ஆலை போட்டு வெளுத்தார்கள், அமெரிக்காவில் அந்த அளவுக்குப் போகவில்லை என்பதற்கு இந்த இடைவெளியே பாதிக் காரணம் என்பது என் கணிப்பு. வெளுக்கும் செலவுக்கும் மேல் லாபம் இருந்தால்தானே கொட்டகையில் அமிலம் வைப்பார்கள்.

இந்தியாவிலும் கடைசியில் வேலை செய்தது சாயம் இல்லை, விலைதான். 2014 அக்டோபரில் டீசல் விலை சந்தைக்கு விடப்பட்டது. மண்ணெண்ணெய் மானியத்தை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 2020 மார்ச்சில் அறவே நிறுத்தினார்கள். கேஸ் அடுப்பும் மின்சாரமும் வந்துவிட்ட வீடுகளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. இரண்டும் இல்லாத வீடுகளுக்கு விளக்கெரிக்கும் செலவு கூடியது. கலப்படம் செய்தவர் அடித்த கொள்ளைக்கான பில் கடைசியில் அந்த வீடுகளுக்குத்தான் போனது.